ஒரே ஒரு பேருந்தில் எட்னா எரிமலை: கத்தானியாவிலிருந்து குறைந்த செலவில் ஒருநாள் சென்று திரும்ப முழுமையான வழிகாட்டி

சிசிலித் தீவின் கத்தானியா நகரிலிருந்து எட்னா எரிமலையின் தெற்குச் சரிவுக்கு நாளொன்றுக்கு ஒரே ஒரு பொதுப் பேருந்துதான் செல்கிறது. காலை 8.15 மணிக்குப் புறப்பட்டு ஏறத்தாழ 10.15 மணிக்கு மலையில் இறக்கிவிடும் அந்தப் பேருந்து, மாலை 4.30 மணிக்குத் திரும்பிப் புறப்படுகிறது. உங்கள் கையில் இருப்பது இடைப்பட்ட ஆறேகால் மணி நேரம் மட்டுமே.

நான் நான்கு முறை இவ்வாறு சென்றிருக்கிறேன். அவற்றில் மூன்று முறை, எரிமலையை முதன்முதலாகப் பார்க்க வந்தவர்களுடன் சென்றேன். அவர்களில் யாரும் பாறையில் வழுக்கியதால் சிரமப்படவில்லை. காலையிலிருந்து முன்னோக்கி நேரத்தைக் கணக்கிட்டு, மாலையில் நேரம் போதாமல் திணறியதே எல்லோருடைய சிரமமும். இந்தப் பயணத்தை மாலை 4.30 மணியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். கீழே உள்ள படிகளின் வரிசை அந்தக் கணக்கைப் பின்பற்றியே அமைந்துள்ளது.

1. மலையின் எந்தப் பக்கம் என்பதை முதலில் உறுதி செய்யுங்கள்

எட்னாவுக்கு இரண்டு வாசல்கள் உண்டு. தெற்கு வாசல், நிக்கொலோசி ஊரைக் கடந்து 1,910 மீட்டர் உயரத்தில் இருக்கும் ரிஃபூஜியோ சபியென்ட்சா. வடக்கு வாசல், லிங்வாக்ளொஸ்ஸா ஊருக்கு மேலே இருக்கும் பியானோ ப்ரொவென்சானா. நாம் பேசும் பேருந்து தெற்கு வாசலுக்கு மட்டுமே செல்கிறது. இணையத்தில் காணும் நடைப்பாதைக் குறிப்பு ஒன்றைச் சேமித்து வைப்பதற்கு முன், அது தெற்கைப் பற்றியதா வடக்கைப் பற்றியதா என்று பாருங்கள். வடக்குப் பாதையின் வரைபடத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு தெற்கில் வந்து நின்றவரை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது குழப்பம் ரயிலால் வருவது. சர்க்கும்எட்னேயா என்ற குறுகிய இருப்புப்பாதை, பெயரே சொல்வதுபோல், எரிமலையை ஏறத்தாழ 110 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுற்றி வருகிறது, மலைமீது ஏறுவதில்லை. அழகான பயணம்தான், ஆனால் வேறொரு நாளுக்கு உரியது.

2. நாளைத் தேர்ந்தெடுக்கும் முறை

கத்தானியாவில் மூன்று நாள் தங்குவதாக வைத்துக்கொண்டால், எட்னாவை முதல் முழு நாளில் வையுங்கள். மேகமோ பலத்த காற்றோ எரிமலையின் சீற்றமோ அந்த நாளைக் கெடுத்தால், மறுநாளுக்குத் தள்ளிப்போட இடம் இருக்கும். ஊர் திரும்பும் நாளுக்கு முந்தைய நாளில் வைத்தவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. எட்னா சாம்பலைக் கக்கும் நாட்களில் கத்தானியா விமான நிலையமே சில சமயம் மூடப்படுவதுண்டு என்பதால், கடைசி நாளை ஒன்றும் திட்டமிடாமல் விடுவது எப்படியும் நல்லது.

மாதத்தைப் பொறுத்தவரை, மே இறுதி முதல் அக்டோபர் தொடக்கம் வரை நடப்பதற்கு ஏற்ற காலம். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை சபியென்ட்சாவைச் சுற்றிப் பனி கிடக்கலாம். அது பனிச்சறுக்கு நிலையமாகவும் இருக்கிறது. பனிக்காலத்தில் சென்றால், கீழே ஏழாம் படியில் உள்ள முதல் வழியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

3. முந்தைய நாள் மாலையில் செய்ய வேண்டியவை

முதல் வேலை, கால அட்டவணையைச் சரிபார்ப்பது. பேருந்தை இயக்குவது ஏஎஸ்டி என்ற சிசிலியின் பொதுப் போக்குவரத்து நிறுவனம். மேலே நான் தந்த நேரங்கள் நீண்ட காலமாக வழக்கில் இருப்பவை. ஆயினும் பருவ மாற்றத்தின்போதும் விடுமுறை நாட்களிலும் அட்டவணை திருத்தப்படலாம். ஆகவே பேருந்து புறப்படும் இடத்துக்கு நேரில் நடந்து சென்று, அங்கு ஒட்டியிருக்கும் அட்டவணையையும் பயணச்சீட்டு விற்பவரையும் ஒருசேரக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பத்து நிமிட நடைக்கு இன்னொரு பயனும் உண்டு: மறுநாள் காலையில் நிறுத்தத்தைத் தேட வேண்டியிருக்காது.

நிறுத்தம் கத்தானியா மத்திய ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள போப் இருபத்துமூன்றாம் ஜானின் பெயர்கொண்ட சதுக்கத்தில் இருக்கிறது. அங்கே நகரப் பேருந்துகளும் வெளியூர்ப் பேருந்துகளும் அடுத்தடுத்து நிற்பதால், எந்த ஓரத்தில் நிற்க வேண்டும் என்பதை முந்தைய மாலையே கண்ணால் பார்த்துவிடுவது காலை நேரப் பதற்றத்தைக் குறைக்கும்.

அடுத்தது பயணச்சீட்டு. போகவும் வரவும் சேர்த்து ஒரே சீட்டாக வாங்குங்கள். நான் கடைசியாகச் சென்றபோது அதற்கு ஏழு யூரோவுக்கும் குறைவாகவே ஆனது. மலையில் திரும்புவதற்கான சீட்டை வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்து ஒருவழிச் சீட்டு எடுப்பவர்கள், மாலையில் ஓட்டுநரிடம் சில்லறைக்காக மன்றாடிக்கொண்டிருப்பார்கள். சின்னத் தாள்களும் நாணயங்களுமாக முப்பது யூரோ அளவுக்குக் கையில் வைத்திருப்பது நல்லது.

மூன்றாவது, மலையின் நிலை. இத்தாலியின் ஐஎன்ஜிவி என்ற புவி இயற்பியல், எரிமலையியல் நிறுவனத்தின் கத்தானியா ஆய்வகம், எட்னாவின் செயல்பாட்டைக் கண்காணித்து அறிக்கைகளையும் நேரலைக் கேமராப் படங்களையும் வெளியிடுகிறது. அதைப் பார்த்துவிட்டு, எத்தனை மீட்டர் உயரம் வரை வழிகாட்டி இல்லாமல் நடக்கலாம் என்று அன்றைய தேதிக்கு உரிய உள்ளூர் ஆணையையும் பாருங்கள். இந்த எல்லை நிலையானதன்று; எரிமலையின் மனநிலைக்கேற்ப ஏறும், இறங்கும். மூன்றாண்டுகளுக்கு முன் ஒருவர் எழுதிய பயணக் குறிப்பை நம்பி மேலே ஏறுவது, இந்தப் பயணத்தில் செய்யக்கூடிய மிக மோசமான தவறு.

4. பையில் வைக்க வேண்டியவையும் அவற்றின் காரணமும்

ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் வெப்பம் குறைகிறது. கத்தானியாவின் கடற்கரையில் 30 பாகை இருக்கும் நாளில் சபியென்ட்சாவில் 18 பாகையும், 2,500 மீட்டரில் 14 பாகையும் இருக்கும். காற்றையும் சேர்த்தால் உடலுக்கு அது இன்னும் குளிராகத் தெரியும். ஜூலை மாதத்தில் அரைக்கால் சட்டையும் பனியனுமாக இறங்கி, ஒரு மணி நேரத்தில் உணவகத்துக்குள் ஒதுங்கியவர்களின் எண்ணிக்கை குறைவன்று. ஆகவே காற்றுத் தடுக்கும் மேற்சட்டை ஒன்றும், அதற்கடியில் அணிய மெல்லிய கம்பளி ஒன்றும், முழுக்கால் சட்டையும் கட்டாயம்.

முழுக்கால் சட்டைக்குக் குளிர் மட்டும் காரணமில்லை. உறைந்த எரிமலைக் குழம்பின் மேற்பரப்பு கண்ணாடித் தூள்போலச் சொரசொரப்பானது. விழுந்து முழங்காலை ஊன்றினால் தோல் சீவிக்கொண்டுபோகும். அதே காரணத்தால் கணுக்காலை மூடும் காலணியே வேண்டும். காலணியோ குளிர்ச்சட்டையோ இல்லாமல் வந்துவிட்டால், சபியென்ட்சாவிலிருந்து மேலே செல்லும் ரோப் காரின் நிலையத்தருகே வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் குறைந்த செலவில் பயணம் செய்கிறவருக்கு அது தேவையற்ற செலவு.

கண்ணில் ஒட்டுவில்லை (காண்டாக்ட் லென்ஸ்) அணிபவர்கள் அன்று மட்டும் மூக்குக்கண்ணாடிக்கு மாறிக்கொள்ளுங்கள். காற்று கிளம்பினால் நுண்ணிய கரிய மணல் கண்ணுக்குள் புகும். ஒட்டுவில்லைக்கும் விழிக்கும் இடையே அது சிக்கினால் அந்த நாள் அத்துடன் முடிந்தது.

ஒருவருக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும், ஏனெனில் பாதையில் ஊற்றோ குழாயோ கிடையாது; மழைநீர் முழுவதையும் இந்த மண் உறிஞ்சிவிடுகிறது. மதிய உணவை நகரத்திலேயே வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள். தொப்பி, வெயில் பூச்சு ஆகியவற்றையும் மறக்க வேண்டாம். மேலே மர நிழல் என்று எதுவும் இல்லை.

ஆஸ்துமா உள்ளவர்கள் தங்கள் மருந்தைக் கைக்கெட்டும் பையில் வைத்திருக்க வேண்டும். மலை உச்சியிலிருந்து வரும் கந்தக டைஆக்சைடு, காற்று நம் பக்கம் திரும்பும்போது தொண்டையைக் கமறச் செய்யும். இதய நோய் உள்ளவர்கள், கடல் மட்டத்திலிருந்து இரண்டு மணி நேரத்தில் இவ்வளவு உயரம் ஏறுவது தங்களுக்கு ஏற்றதா என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது.

5. காலையில் பேருந்தைப் பிடித்தல்

8.15 மணிப் பேருந்துக்கு 7.30 மணிக்கே வந்து நில்லுங்கள். இது நாளின் ஒரே பேருந்து என்பதால், கோடைக்காலத்தில் எல்லாப் பயணிகளும் இங்கேதான் கூடுகிறார்கள். கூட்டத்தைப் பார்த்து இரண்டாவது பேருந்து விடப்படுவதும் உண்டு. அதை நம்பித் தாமதமாக வருவது சூதாட்டம்.

ஏறியதும் சீட்டை இயந்திரத்தில் முத்திரையிட வேண்டும். இத்தாலியில் காகிதச் சீட்டை வாங்கியிருந்தால் மட்டும் போதாது. முத்திரை இல்லாத சீட்டு, சோதனைக்கு வருபவரின் பார்வையில் சீட்டே இல்லாததற்குச் சமம். திரும்பும் பயணத்துக்கும் அதே சீட்டுத்தான் என்பதால், முத்திரையிட்ட பின் பத்திரமாக வையுங்கள்.

பேருந்தில் கழிவறை இல்லை. ரயில் நிலையத்திலோ அருகிலுள்ள காப்பிக்கடையிலோ முன்பே போய்விட்டு வாருங்கள். வழியில் நிக்கொலோசியில் சற்று நேரம் நிற்கும்; அங்கே இறங்குபவர்கள், ஓட்டுநர் எத்தனை மணிக்கு எடுப்பார் என்று கேட்டுவிட்டே இறங்க வேண்டும். நிக்கொலோசிக்கு மேல் சாலை வளைந்து வளைந்து ஏறுகிறது. தலைசுற்றல் வருபவர்கள் முன் இருக்கைகளைப் பிடித்துக்கொள்ளலாம்.

6. சபியென்ட்சாவில் இறங்கியதும் முதல் பதினைந்து நிமிடங்கள்

மலையைப் பார்த்தவுடன் நடக்கத் தொடங்காதீர்கள். முதலில், ஓட்டுநர் இறங்கிப்போவதற்குள், மாலையில் பேருந்து எங்கே நிற்கும் என்று அவரிடம் கைகாட்டிக் கேட்டு, அந்த இடத்தைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். வாகன நிறுத்துமிடம் பெரியது. மாலையில் அங்கே சுற்றுலா நிறுவனங்களின் பேருந்துகள் வரிசையாக நிற்கும்போது எல்லாம் ஒன்றுபோலவே தெரியும்.

அடுத்து கழிவறை, ஏனெனில் பாதையில் புதர்கூடக் கிடையாது. பின்பு, ரோப் கார் ஓடுகிறதா என்று நிலையத்தின் அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். நீங்கள் ஏறப்போவதில்லை என்றாலும் பாருங்கள். காற்றின் காரணமாக அது நிறுத்தப்பட்டிருந்தால், மேலே உங்கள் நடையும் கடினமாக இருக்கும் என்பதற்கு அதைவிடத் தெளிவான எச்சரிக்கை இல்லை.

கடைசியாக வானத்தைப் பாருங்கள். எட்னாவில் காலையில் தெளிவாக இருக்கும் உச்சி, நண்பகலை நெருங்கும்போது மேகத்துக்குள் மறைவது வழக்கம். ஆகவே உயரமான பகுதியை முதலிலும், சபியென்ட்சாவைச் சுற்றியுள்ள எரிமலை வாய்களைப் பிற்பகலிலும் வைத்துக்கொள்வதே சரியான வரிசை. புதிதாக வருபவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அருகில் இருப்பதை முதலில் பார்த்து, தேநீர் குடித்து, பன்னிரண்டு மணிக்கு மேலே கிளம்பி, வெண்மையான மேகமூட்டத்துக்குள் போய்விடுகிறார்கள்.

7. மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

முதல் வழி, உயரம் ஏறாமல் பார்ப்பது. 1892-ஆம் ஆண்டு வெடிப்பில் உருவான சில்வெஸ்த்ரி எரிமலை வாய்கள் நிறுத்தத்திலிருந்து சில நிமிட நடையில் சாலையோரமாகவே இருக்கின்றன. கீழ்வாயின் விளிம்பைச் சுற்றிவர அரை மணி நேரமும், மேல்வாய்க்கு ஏறி இறங்க இன்னொரு ஒரு மணி நேரமும் போதும். மேல்வாயின் சரிவு செங்குத்தானது, காற்றும் அதிகம். நுழைவுக் கட்டணம் கேட்கக்கூடும் என்பதால் சில யூரோ நாணயங்களைத் தனியே வைத்திருங்கள். நேரமும் தெம்பும் இருப்பவர்கள், சாலை வழியாக சஃபெரானா நோக்கிக் கிழக்கே இறங்கி, கழுதை முதுகு என்று பொருள்படும் ஸ்கியேனா தெல்லாசினோ பாதையில் நடக்கலாம். அது வல்லே தெல் பொவே என்ற மாபெரும் பள்ளத்தின் விளிம்பில் கொண்டு சேர்க்கிறது. சாலை நடையையும் சேர்த்துப் போய்வர நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். என் கருத்தில், பணம் செலவழிக்காமல் எட்னாவின் பிரமாண்டத்தை உணர இதற்கு ஈடான பாதை தெற்கில் இல்லை.

இரண்டாவது வழி, ரோப் காருக்குப் பணம் கொடுக்காமல் அதே உயரத்துக்கு நடந்து ஏறுவது. நிலையத்தின் பக்கத்திலிருந்து மண்பாதை ஒன்று 2,500 மீட்டரில் உள்ள மேல்நிலையம் வரை செல்கிறது. அன்றைய ஆணை அந்த உயரத்தை அனுமதிக்கிறது என்பதை உறுதி செய்த பிறகே இதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏறவேண்டிய உயரம் ஏறத்தாழ 600 மீட்டர். எண்ணிக்கை சிறிதாகத் தோன்றினாலும், கால் புதையும் தளர்ந்த மணலில் இரண்டு அடி வைத்தால் ஓரடி பின்னுக்கு வரும். சராசரி உடல்வலு உள்ளவருக்கு ஏற இரண்டு மணி நேரமும், இறங்க ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலும் ஆகும்.

இங்கேதான் பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். 4.30 மணிப் பேருந்துக்கு 3.50 மணிக்கு வரிசையில் நிற்க வேண்டும். இறங்க ஒன்றேகால் மணி நேரம். வழியில் கணுக்கால் பிசகினால் என்று இருபது நிமிடம். ஆக, எங்கே நின்றாலும் 2.15 மணிக்குத் திரும்பிவிட வேண்டும். மேல்நிலையம் கண்ணுக்குத் தெரிகிறது, இன்னும் பத்து நிமிடந்தான் என்று தோன்றினாலும் திரும்புங்கள். கைப்பேசியில் அந்த நேரத்துக்கு மணி வைத்துவிடுவது நல்லது; அங்கே காட்சியின் முன் நிற்கும்போது கடிகாரத்தைப் பார்க்க யாருக்கும் நினைவு வருவதில்லை.

மூன்றாவது வழி ரோப் கார். பதினைந்து நிமிடத்தில் 2,500 மீட்டருக்குக் கொண்டு சேர்க்கும். கட்டணம் போகவர ஏறத்தாழ 50 யூரோ, அதாவது பேருந்துக் கட்டணத்தைப் போல ஏழு மடங்கு. அங்கிருந்து வண்டியிலும் வழிகாட்டியுடனும் இன்னும் மேலே செல்ல வேறு கட்டணம். முதியவர்களோ சிறுவர்களோ உடன் இருந்தாலொழிய இதை நான் பரிந்துரைப்பதில்லை. ஏறினால், கடைசி இறக்கம் எத்தனை மணிக்கு என்று கீழேயே கேட்டுவிடுங்கள். அதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே இறங்கத் திட்டமிடுங்கள், ஏனெனில் எல்லோரும் கடைசி நேரத்தில் இறங்க வருவார்கள்.

8. எல்லைப் பலகையைத் தாண்டாதீர்கள்

உச்சியின் எரிமலை வாய்களுக்கு உரிமம் பெற்ற எரிமலை வழிகாட்டியுடன், அதுவும் ஆணை அனுமதிக்கும் நாட்களில் மட்டுமே செல்ல முடியும். வழிகாட்டியின்றி நடப்பதற்கான எல்லையைக் காட்டும் பலகைக்கு அப்பால் பலர் நடப்பதைப் பார்த்து அனுமதி உண்டு என்று முடிவு செய்யாதீர்கள். அவர்கள் வழிகாட்டியுடன் செல்லும் குழுவினராக இருக்கலாம், அல்லது உங்களைப் போலவே தவறாகப் புரிந்துகொண்டவர்களாக இருக்கலாம்.

இது சம்பிரதாயக் கெடுபிடி அன்று. 1979 செப்டம்பர் 12 அன்று உச்சியருகே நிகழ்ந்த திடீர் வெடிப்பில் ஒன்பது சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். 2025 ஜூன் 2 அன்று தென்கிழக்கு எரிமலை வாயின் ஒரு பகுதி சரிந்து, சூடான சாம்பலும் வாயுவும் சரிவில் உருண்டு இறங்கியபோது, மலைமீது இருந்தவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார்கள்.

மேகம் சூழ்ந்து வழி தெரியாமல் போனால், குறுக்கே இறங்க முயலாமல் வண்டித் தடத்தையே பிடித்துக்கொள்ளுங்கள். கரிய மணற்சரிவுகள் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். பத்து மீட்டர் விலகினாலே திசை கலங்கிவிடும். அவசர உதவிக்கு 112 என்ற எண்ணை அழைக்கலாம். கல் எடுத்து வருவதும் வேண்டாம். இது இயற்கைப் பூங்காவாகப் பாதுகாக்கப்படும் நிலம்.

9. திரும்பும் பேருந்து

3.50 மணிக்கு நிறுத்தத்தில் இருங்கள் என்று சொன்னதற்குக் காரணம், காலையில் வந்த அத்தனை பேரும் அதே பேருந்தில்தான் திரும்புகிறார்கள் என்பதோடு, வேறு வழியில் மேலே வந்தவர்களில் சிலரும் அதில் ஏறிக்கொள்கிறார்கள் என்பதும் ஆகும். வரிசை என்பது அங்கே சற்றுத் தளர்வான கருத்து. கதவு எங்கே திறக்கும் என்பதைக் கணித்து நிற்பவருக்கே இருக்கை கிடைக்கும். ஏறுவதற்கு முன் காலணியைக் கழற்றி மணலைக் கொட்டிவிடுங்கள். ஒரு கைப்பிடிக்குக் குறையாமல் இருக்கும்.

10. பேருந்து தவறிவிட்டால்

முதலில் வாகன நிறுத்துமிடத்தில் கிளம்பிக்கொண்டிருக்கும் சுற்றுலாக் குழுக்களின் ஓட்டுநர்களிடம், நிக்கொலோசி வரையிலாவது இடம் கிடைக்குமா என்று கேளுங்கள். நிக்கொலோசி வந்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. அங்கிருந்து கத்தானியாவுக்கு வேறு பேருந்துகளும் உண்டு. இதை ஐந்து மணிக்குள் செய்ய வேண்டும், ஏனெனில் அதன்பின் நிறுத்துமிடம் விரைவாகக் காலியாகிவிடும்.

அது பலிக்காவிட்டால், உணவகத்தில் கேட்டு டாக்சி வரவழைக்கலாம். சிக்கனமாக வந்த பயணத்தின் மொத்தச் செலவையும் அது பல மடங்கு விழுங்கிவிடும் என்பதால், அதேபோல் தவறவிட்ட இன்னும் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு பகிருங்கள். பெரும்பாலும் யாராவது இருப்பார்கள். நிக்கொலோசிக்கு நடந்தே இறங்கிவிடலாம் என்று மட்டும் கிளம்பாதீர்கள். நடைபாதை இல்லாத வளைவுச் சாலையில் பல மணி நேர நடை அது, பாதி வழியிலேயே இருட்டிவிடும்.